பார்த்ததை மட்டும் சொன்னவர்

வெளியே மழை பெய்கிறதா என்று கேட்டால் அவரிடமிருந்து ஆம் என்றோ இல்லை என்றோ பதில் வராது. "நான் உள்ள வர்றப்போ பேஞ்சிக்கினு இருந்திச்சி" என்பார். இப்போது பெய்கிறதா என்று மறுபடியும் கேட்டால், கையிலிருக்கும் துணியை மேசைமேல் வைத்துவிட்டு, வராந்தா வரை நடந்துபோய், வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "பேயுது" என்பார். கேட்டவர் அதற்குள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார்.

பெங்களூர் கன்டோன்மென்டின் பழைய தேவாலயம் ஒன்றில், அலுவலகத்தை ஒட்டிய பதிவேட்டு அறைக்கு அவர்தான் பொறுப்பு. பெருக்குவதும் துடைப்பதும் அவர் வேலை என்று நியமன உத்தரவில் இருந்திருக்கும். ஆனால் நான் பார்த்தபோது அலமாரிச் சாவிக்கொத்து அவருடைய இடுப்பில் இருந்தது. பதினாறு வருஷமாக அங்கேயே இருந்ததாகச் சொன்னார்கள். பௌர்ணமி அன்று மட்டும் வெள்ளைப் புடவையில் வருவார், வேலை முடிந்து புத்தர் கோயிலுக்குப் போக. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் 'ஆயா'. நாற்பத்தைந்தைத் தாண்டாத ஒருவரை அப்படி அழைக்க எனக்கு நா எழவில்லை. அக்கா என்றேன். முதல் நாள் அப்படிக் கூப்பிட்டபோது என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அக்காவா? சரி, ஆயாவுக்கு அக்கா பரவால்ல. ஆனா தங்கச்சின்னு நான் கூப்ட மாட்டேன். ஒரு தங்கச்சிய வெச்சிக்கினு நான் படற பேஜாரே போதும்."

தொண்ணூறுகளின் பிற்பாதி. நான் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். அதிகம் பேசாத பெண் என்றும், எதையும் பிழையில்லாமல் செய்கிற பெண் என்றும் எனக்கு இரண்டு நற்பெயர்கள் இருந்தன. இரண்டாவதன்மேல் எனக்கு ரகசியமான கர்வம் உண்டு. தேவாலயத்தின் செயலாளருக்கு அப்படி ஒருவர் தேவைப்பட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் அவருக்குக் கடிதங்கள் வந்தபடி இருந்தன. என் பாட்டனாரின் பாட்டி உங்கள் தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். என் முப்பாட்டன் உங்கள் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டவர். பதிவு இருக்கிறதா, தேதி என்ன, பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது. இவற்றுக்குப் பதிவேடுகளைப் பார்த்துப் பதில் தயாரிக்க வேண்டும். பழைய சாய்வெழுத்தைப் படிக்க எனக்குப் பொறுமை இருந்தது. கல்லூரி முடிந்து வாரத்தில் மூன்று மாலைகளும் சனிக்கிழமையும் போனேன்.

பதிவேட்டை நான் தொடக் கூடாது என்பது அக்காவின் சட்டம். எனக்கு முன்னால் யாரோ ஒருவர் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டியதில் ஒரு மூலை அவர் விரலோடு வந்துவிட்டதாம். அதிலிருந்து பக்கங்களை அக்காதான் புரட்டுவார். தொகுதியைத் துணிமூட்டையிலிருந்து எடுத்து, பஞ்சடைத்த இரண்டு சிறு தலையணைகளின்மேல் வைப்பார். பிறகு, வேறெங்கும் நான் பார்த்திராத ஒரு காரியத்தைச் செய்வார். கிழிந்துபோன குடையிலிருந்து வெட்டியெடுத்த கருப்புத் துணி ஒன்று அவரிடம் இருந்தது. நான் படிக்க வேண்டிய தாளுக்கு அடியில் அதை மெல்லச் செருகுவார். நூற்றைம்பது வருஷத்துக் காகிதத்தில் பின்பக்கத்து எழுத்துகளும் அடுத்த தாளின் எழுத்துகளும் ஒன்றோடொன்று கலந்து தெரியும். கருப்புத் துணி உள்ளே போனதும் முன்பக்கத்து எழுத்து மட்டும் தனியே எழுந்து நிற்கும். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

"யாரும் இல்ல. ஒரு நாளு கருப்புப் பொடவ கட்டிக்கினு வந்தேன். முந்தாண தாளுக்கு அடியில போயிடுச்சி. எழுத்து பளிச்சுனு ஆச்சி. பாத்தேன்."

அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. தமிழையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனால் எந்தத் தொகுதியில் எந்தப் பாதிரியாரின் கை எங்கே முடிந்து அடுத்தவரின் கை எங்கே தொடங்குகிறது என்று அவரால் விரல் வைத்துக் காட்ட முடியும். "இவரு அவசரக்காரரு. கடைசி எழுத்த இழுத்து வுட்டுட்டு ஓடிருவாரு. இந்த மனுசன் ரொம்ப ஒழுங்கு, உன்ன மாரி."

அது பாராட்டு என்று அன்று எடுத்துக்கொண்டேன்.

*

அவருடைய தங்கை ஆஸ்டின் டவுனில் அவர் வீட்டுக்கு எதிர்வரிசையில் இருந்தார். இருவருக்கும் இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் போன கதையை அக்கா ஒரு சனிக்கிழமை, தலையணைகளின் தூசியைத் தட்டிக்கொண்டே சொன்னார். கார்ப்பரேஷன் குழாயில் தங்கையின் குடம் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரிதான் கவிழ்த்தாள் என்று தங்கை சண்டை பிடித்தார். தெருவே கூடிவிட்டது. அக்கா குழாயடியில்தான் நின்றிருந்தார். நீயே சொல் என்று அவரை முன்னே இழுத்துவிட்டார்கள்.

"என்ன சொன்னீங்க?"

"தண்ணி ஓடினத பாத்தேன், யாரு கவுத்தாங்கன்னு பாக்கலன்னேன். என் தங்கச்சி என் மூஞ்சியிலயே சொன்னா, நீ எல்லாம் கூடப் பொறந்தவளான்னு. அதுக்கும் நான் பதில் சொல்லிருப்பேன்."

"என்ன பதில்?"

"நீ பொறந்தத பாத்தேன்டின்னு. எனக்கு அப்போ அஞ்சு வயசு. கதவிடுக்குல நின்னு பாத்துக்கினு இருந்தேன்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த அறையில் நான் வாய்விட்டுச் சிரித்தது மிகக் குறைவு. அவற்றில் இது ஒன்று.

இன்னொரு கதையை அவர் சொல்லவில்லை. என் முன்னாலேயே நடந்தது. குடும்ப அட்டைக்காகக் கணக்கெடுக்க வந்த அதிகாரி அவரை வீட்டில் காணாமல் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். படிவத்தில் ஒரே ஒரு கட்டம் பாக்கி. கணவர் உண்டா, இல்லையா? அதிகாரி கன்னடத்தில் கேட்டார். அக்காவும் கன்னடத்திலேயே சொன்னார்: "ஹோகித்து நோடிதே. சத்தித்து நோடில்ல."

போனதைப் பார்த்தேன்; செத்ததைப் பார்க்கவில்லை.

கணவர் வேலை தேடி பம்பாய்க்கு ரயிலேறிப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. கடிதம் இல்லை, செய்தி இல்லை. கைம்பெண் என்று எழுதிக்கொண்டால் உதவித்தொகை கிடைக்கும், நானே விண்ணப்பம் எழுதித் தருகிறேன் என்று அந்த அதிகாரி நல்ல மனதோடுதான் சொன்னார். "ஸ்வல்ப யோசனெ மாடம்மா" என்று இரண்டு முறை கெஞ்சினார். அக்கா யோசிக்கவில்லை. அதிகாரி கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போனார். பிறகு நான் மெதுவாகக் கேட்டேன், பன்னிரண்டு வருஷம் என்றால் இருக்க மாட்டார் என்று நினைக்கலாம் இல்லையா என்று.

"நெனக்கலாம் மா. ராத்திரி படுத்தா நானும் நெனக்கிறேன். நெனச்சதுக்குக் கையெழுத்துப் போட முடியுமா?"

பார்த்தேன், கேட்டேன், நினைத்தேன் என்ற மூன்று சொற்களும் அவரிடம் ஒருபோதும் கலந்ததில்லை. பார்த்ததைச் சொல்வார். கேட்டதை இன்னாரிடம் கேட்டேன் என்று சொல்வார். நினைத்ததைச் சொல்லவே மாட்டார். இலக்கியம் படித்துக்கொண்டிருந்த எனக்கு அது ஒரு பெரிய குறைபாடாகக்கூட அப்போது தோன்றியது.

*

ஹாரியட்டைப் பற்றிய கடிதம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. எழுதியவர் எழுபது வயதைக் கடந்த ஓர் ஆங்கிலோ இந்திய அம்மையார். பெங்களூரில் பிறந்து வளர்ந்து, நாடு சுதந்திரம் பெற்ற சமயத்தில் குடும்பத்தோடு கப்பலேறியவர். அவருடைய குலத்தின் மூத்த பெண்மணி ஹாரியட். டால்பி என்ற பட்டாள சார்ஜென்ட்டை எங்கள் தேவாலயத்தில் மணந்தவர். கணவரின் பெயர் தெரியும், மணநாள் தெரியும், கல்லறை தெரியும். ஹாரியட்டின் பிறந்த வீட்டுப் பெயர் மட்டும் தெரியவில்லை. விட்மோர் என்ற அதிகாரியின் மகள் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு. அதெல்லாம் இல்லை என்று இன்னொரு பேச்சு. இந்த இரண்டாவது பேச்சைச் சொல்லித் தன் தாயைத் திருமண வீடுகளில் ஓரம் கட்டியதை அந்த அம்மையார் ஒரே வரியில் எழுதியிருந்தார். உடைந்துபோன கல்லறைக் கல்லுக்குப் பதிலாக முழுப் பெயரோடு ஒரு பலகை வைக்க வேண்டும். சாவதற்கு முன் அது ஒன்றுதான் ஆசை என்றும் எழுதியிருந்தார்.

அக்கா தொகுதியை எடுத்துவந்தார். கருப்புத் துணியைச் செருகினார். மணமகளின் பெயர் எழுதும் கட்டத்தில் தெளிவாக இருந்தது: ஹாரியட் விட்மோர்.

எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இன்றும் நினைவுகூர முடிகிறது. அன்று மாலையே தட்டச்சு நிலையத்தில் பதிலைத் தட்டச்சு செய்தேன். பதிவை நேரில் ஆராய்ந்ததாகவும், மணமகளின் பெயர் ஐயத்துக்கு இடமின்றி விட்மோர் என்று காணப்படுவதாகவும் எழுதினேன். 'ஐயத்துக்கு இடமின்றி' என்ற தொடர் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உறையில் போட்டு ஒட்டி, பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த முறை நான் போனபோது அந்தத் தொகுதி இன்னும் மேசையிலேயே இருந்தது. அக்கா எனக்காகக் காத்திருந்ததுபோலத் தெரிந்தது.

"அந்தப் பேரு, அத்த எழுதி அனுப்பிட்டியா?"

"இன்னும் இல்லக்கா. பையில இருக்கு."

"மொத வார்த்த அப்பவே எழுதினது. ரெண்டாவது வார்த்த அப்புறமா ஏறினது மா."

நான் குனிந்து பார்த்தேன். ஒரே சாய்வு, ஒரே உயரம். அப்படித் தெரியவில்லையே என்றேன்.

"முன்னால பாத்தா தெரியாது. இப்படிப் பாரு." கருப்புத் துணியை உருவி எடுத்துவிட்டு, ஒற்றைத் தாளை இரண்டு உள்ளங்கைகளில் ஏந்தித் திருப்பினார். அந்தக் காலத்து மை காகிதத்தை மெல்ல அரித்துப் பின்பக்கம் வரை பழுப்பாக இறங்கிவிடும். பின்பக்கத்து எழுத்துகளுக்கு இடையே, கட்டத்துக்குக் கட்டம், முன்பக்கத்துப் பெயர்கள் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறித் தெரிந்தன. ஹாரியட் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில், விட்மோர் இருக்க வேண்டிய இடத்தில், வெறும் காகிதம்.

"துடைக்கிறப்போ பின்பக்கம் கை வெச்சா பழைய எழுத்து சொரசொரன்னு தட்டுப்படும். இந்த எடத்துல தட்டல. அதான் திருப்பிப் பாத்தேன்."

நான் பார்த்தேன். ஐயமே இல்லாமல் பார்த்தேன். யாரோ, எப்போதோ, பழைய கையின் சாய்வைப் பழகிக்கொண்டு, புதிய மையில் ஒரு பெயரைச் சேர்த்திருக்கிறார்கள்.

"அந்தம்மாவுக்கு மட்டும் ஏன் மா ஒத்தப் பேரு?" என்று கேட்டார் அக்கா. அந்தப் பக்கத்தில் மற்ற மணமகள்களுக்கெல்லாம் இரண்டு சொற்கள் இருந்தன. நான் படித்திருந்ததைச் சொன்னேன். அந்தக் காலத்துப் பட்டாள முகாமில் ஒரு சிப்பாய் இந்த ஊர்ப் பெண்ணை மணந்துகொண்டால், அவளுக்கு ஒரு கிறிஸ்தவப் பெயர் வைத்து அதை மட்டும் எழுதுவார்கள். தகப்பன் பெயரோ வீட்டுப் பெயரோ எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை.

"அப்போ நம்ம ஊரு பொண்ணு."

"இருக்கலாம்."

அவர் ஒரு கணம் அந்த வெற்றிடத்தைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார். "இருக்கலாம்னா அது நெனப்பு. நானும் அவசரப்பட்டுட்டேன். இங்க ஒண்ணும் எழுதலன்றது மட்டும்தான் நாம பாத்தது."

கடிதத்தைத் திருத்தி எழுத வேண்டும் என்று அப்போதே எனக்குத் தெரியும். இரண்டே வரி. பிற்காலச் சேர்க்கை என்று தோன்றுகிறது, அசல் பதிவில் குடும்பப் பெயர் இல்லை. அந்த இரண்டு வரிகளும் அந்த அம்மையாரைத் தன் தாயின் அவமானத்துக்குள் மறுபடி தள்ளிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது கருணை என்றும் நம்பிக்கொண்டேன். ஆனால் தட்டச்சு செய்த 'ஐயத்துக்கு இடமின்றி' என்ற தொடரை ஓர் ஆயாவின் பேச்சைக் கேட்டு நான் திரும்பப் பெற வேண்டியிருக்கும் என்பதும் எனக்கு உறுத்தியது. எது அதிகம் உறுத்தியது என்று இப்போது சொல்வது கடினம் இல்லை. வீட்டுக்குப் போகும் வழியில் உறையைத் தபால்பெட்டியில் போட்டேன்.

அக்கா அதைப் பற்றி மறுபடியும் என்னிடம் கேட்கவில்லை. நான் திருத்தியிருப்பேன் என்று அவர் நினைத்திருக்கலாம். நினைத்ததை அவர் சொல்லமாட்டார்.

*

டிசம்பரில் அந்த அம்மையார் நேரிலேயே வந்துவிட்டார். மெலிந்த, நிமிர்ந்த உடல், பூப்போட்ட கவுன், கையில் பித்தளைப் பலகை. சிவாஜிநகரில் செதுக்கக் கொடுத்து, செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்திருந்தார். அதில் ஹாரியட்டின் பெயர் முழுமையாக இருந்தது. செயலாளர் அவருக்காகத் தேநீரும் கேக்கும் வரவழைத்தார். என்னை அழைத்து, "கண்டுபிடிச்சது இந்தப் பொண்ணுதான் மேடம்" என்றார். அம்மையார் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

அக்கா தொகுதியைக் கொண்டுவந்து வைத்தார். துணியைச் செருகினார். அம்மையார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பெயரை நெடுநேரம் பார்த்தார். அழுதார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, ஐம்பது வருஷமாக யாரிடமும் பேசியிராத தமிழை எடுத்தார்.

"நான் இங்க ரிச்மண்ட் டவுன்ல பொறந்தது, தெரியுமா? எங்க வீட்டு ஆயா உன்ன மாதிரியே இருக்கும். நீதான் இந்த புக் எல்லாம் நல்லா பாத்துக்குது?"

"ஆமாம்மா."

"பாரு, இது எங்க பாட்டிக்குப் பாட்டி. இது அவ பேரு. நல்லா இருக்குதா? சரியா இருக்குதா?"

வேறு யாராக இருந்தாலும் நல்லா இருக்கும்மா என்று சொல்லியிருப்பார்கள். அதற்கு மேல் அங்கே எதுவும் தேவைப்படவில்லை. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொத வார்த்த அப்பவே எழுதினதும்மா. ரெண்டாவது அப்புறமா யாரோ எழுதினது. யாருன்னு நான் பாக்கல."

அம்மையாரின் முகம் எனக்கு மறக்கவில்லை. அடிவிழும் என்று நெடுங்காலமாகத் தெரிந்திருந்த ஒருவருடைய முகம் அது. செயலாளர் எழுந்து நின்றுவிட்டார்.

"உனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"அப்புறம் எப்படிச் சொல்றே?"

"படிக்கல சார். பாத்தேன்." அவர் துணியை உருவிவிட்டுத் தாளைத் திருப்பப் போனார். செயலாளர் தன் உள்ளங்கையைப் பக்கத்தின்மேல் வைத்து அழுத்தினார்.

"கை எடு. பதினாறு வருஷமா சாவி உன்கிட்ட இருக்கு. அப்புறமா யாரோ எழுதினாங்கன்னா, யாரு உள்ள வந்தது? யார விட்டே? ஒண்ணு நீ உளர்றே. இல்லைன்னா நீதான் இதுக்குப் பதில் சொல்லணும்."

"எப்போ எழுதினாங்கன்னு எனக்குத் தெரியாது சார். நான் வர்றதுக்கு முன்னாலயும் இருக்கும். நான் பாக்கல."

"எம்.ஏ. படிக்கிற பொண்ணு பாக்காதத நீ பாத்துட்டியா?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா."

நான் சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"பெயர் தெளிவா இருக்கு சார்."

அது பொய் அல்ல. பெயர் தெளிவாகத்தான் இருந்தது. கேட்ட கேள்விக்கு அது பதிலும் அல்ல. என் வாழ்க்கையில் நான் அமைத்த வாக்கியங்களிலேயே மிகத் துல்லியமான வாக்கியம் அதுதான்.

செயலாளர் விடவில்லை. "இதையெல்லாம் நீ இந்தப் பொண்ணுகிட்ட காட்டினியா?" என்று அக்காவிடம் கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. வராந்தாவில் நின்று வானத்தைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"தாளத் திருப்பிக் காட்டினேன் சார். அவங்க பாத்தாங்களான்னு அவங்கதான் சொல்லணும். அவங்க கண்ணு என்கிட்ட இல்லியே."

எனக்காகத் திறந்து வைக்கப்பட்ட கதவு அது. அறையில் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மேசைமேல் கிடந்த குடைத்துணியின் ஓரத்தில் ஒரு நூல் பிரிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செயலாளர் தொகுதியை மூடும் சத்தம் கேட்டது.

பலகை மறுநாள் கல்லறையில் பதிக்கப்பட்டது. அம்மையார் என்னிடம் விடைபெறும்போது கையைப் பிடிக்கவில்லை. தலையை மட்டும் அசைத்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வெறும் நினைப்புதான்.

சாவிக்கொத்து அலுவலக எழுத்தரிடம் போனது. அக்காவை வெளியே தோட்டம் பெருக்கச் சொன்னார்கள். பதிவேட்டு அறை ஜன்னலிலிருந்து பார்த்தால், உதிர்ந்த இலைகளை அவர் குவித்துக்கொண்டிருப்பது தெரியும். நான் வாசலைக் கடக்கும்போது, "வாம்மா" என்பார், முன்பைப் போலவே. ஒரு நாள் நின்றேன். மன்னிப்பு என்ற சொல்லைத் தமிழில் எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் விளக்குமாற்றின் காம்பைத் தரையில் தட்டிக்கொண்டே சொன்னார்: "தாளுக்கு அடியில துணி வெக்கிறாங்களான்னு பாத்துக்கோ. அந்த எழுத்தரு எச்ச தொடுவாரு. நான் கண்ணால பாத்துக்கீறேன்."

பொங்கல் விடுமுறை முடிந்து நான் திரும்பியபோது அவர் வேலையை விட்டிருந்தார். ஏன் என்று நான் யாரையும் கேட்கவில்லை. என் முதல் நற்பெயர் அதற்கு உதவியது.

*

சில ஆண்டுகள் கழித்து, கல்லூரி ஒன்றில் விரிவுரையாளராகச் சேர்ந்த பிறகு, வேறு ஓர் ஆய்வுக்காகச் சென்னைக்குப் போனேன். அந்தக் காலத்தில் தேவாலயப் பதிவுகளுக்கு அந்தந்த ஆண்டே நகல் எடுத்துச் சென்னைக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு வேண்டிய கட்டைக் கேட்டுவிட்டு, அதோடு இன்னொரு கட்டையும் கேட்டேன். சார்ஜென்ட் டால்பி இருந்தார். மணமகளின் கட்டத்தில் ஹாரியட் என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிறு கோடு இழுத்து விட்டிருந்தார்கள். மற்ற எல்லா மணமகள்களுக்கும் இரண்டு பெயர்கள் இருந்தன.

அம்மையாருக்கு எழுதினேன், மூன்று பக்கம். அவர் காலமாகிவிட்டதாக அவருடைய உறவினர் ஒருவர் பதில் போட்டிருந்தார். பலகையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. போன மாதம் பார்த்தேன். அந்தப் பெண்ணின் கல்லறைமேல் அவளுடையது அல்லாத ஒரு பெயர் பளபளக்கிறது. அதை எழுதிக் கொடுத்தவள் நான்.

அந்தப் பதில் வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆஸ்டின் டவுனுக்குப் போனேன். அக்காவின் வீடு எது என்று எனக்குத் தெரியாது. குழாய் மட்டும் தெரியும், அவர் கதையிலிருந்து. அங்கே குடத்தோடு நின்றிருந்த ஒரு பெண்மணியிடம் கேட்டேன்.

"யார மா தேடற? பேரு இன்னா?"

என்னிடம் பெயர் இல்லை. தேவாலயத்தில் வேலை செய்தார் என்றேன். "இங்க பாதிப் பேரு சர்ச்சுல, மீதிப் பேரு ஆஸ்பத்திரியில." பௌர்ணமி அன்று வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு வேலைக்கு வருவார் என்றேன். "புத்தர் கோயிலுக்குப் போறவங்க தெருவுக்கு நாலு பேரு." எதைக் கேட்டாலும், என்று நான் தடுமாறினேன். எதைக் கேட்டாலும் பார்த்தேன், பார்க்கவில்லை என்று...

குடம் நிறைந்து வழிந்தது. அந்தப் பெண்மணி குழாயை மூடவில்லை.

"அவளா? அவ என் அக்கா மா."

அக்காவின் பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். அதை இங்கே எழுத அவரிடம் அனுமதி கேட்கவில்லை, ஆகவே எழுதவில்லை. மகளோடு சந்தாபுராவுக்குப் போய்விட்டார் என்றார் தங்கை. முகவரி காகிதத்தில் இல்லை, பேருந்தை விட்டு இறங்கிக் கால் போகிற வழிதான் தெரியும் என்றார். "பொழச்சிக்கீறா. இன்னா விஷயம்?"

நேரில் போகலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவரோடு ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். நான் சொன்னது வேறு.

"அவங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நானும் பாத்தேன்னு சொல்லுங்க. அன்னிக்கே பாத்தேன்னு."

"எத?"

"அவங்களுக்குத் தெரியும்."

தங்கை குழாயை மூடினார். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். பிறகு சிரித்தார், அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு.

"நீ சொன்னேன்னு சொல்றேன். நீ பாத்தேன்னு நான் எப்படி மா சொல்றது? நான் பாக்கலியே. அவ கேப்பா."

தண்ணீர் சிந்திய தெருவில் அவர் நடந்துபோவதைப் பார்த்தேன். அக்காவிடம் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

நினைப்புக்கு அக்காவிடம் மதிப்பில்லை.